ஆடித் தேங்காயும் அதிகாரப் பரவலும்

ஆடி முதல் தேதி, அதாவது ஜூலை 16 அல்லது 17, பொழுது சாயும் வேளையில் சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தருமபுரி மாவட்டத் தெருக்களில் புகை எழும். வாசலில் தென்னை மட்டையும் பாளையும் எரிந்துகொண்டிருக்க, நீண்ட குச்சியின் முனையில் செருகிய தேங்காயை ஒருவர் நெருப்பில் காட்டிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். இதற்குத் தேங்காய் சுடும் பண்டிகை என்று பெயர். அரசின் விடுமுறைப் பட்டியலில் இதற்கு இடமில்லை. வாழ்த்து அட்டையும் கிடையாது, சிறப்புப் பட்டிமன்றமும் கிடையாது. தஞ்சாவூர்க்காரரிடம் சொன்னால், "தேங்காயைச் சுடுவீர்களா, எதற்கு?" என்பார். நியாயமான கேள்வி. இதுவரை அதற்குக் கிடைத்துவரும் விடைகளில் ஒரு பாதி புராணத்தைச் சார்ந்தது, மறு பாதி வயிற்றைச் சார்ந்தது. இரண்டும் போதா என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. குச்சியைப் பிடித்திருப்பவர் ஒருவர், யோசனை சொல்கிறவர்கள் பலர் என்ற அந்த விகிதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. வீட்டில் நடக்கும் சமையல்களிலேயே நிபுணர் என்று ஒருவர் உருவாக வழியில்லாத சமையல் இது ஒன்றே. ஆகையால் ஆண்டுக்கு ஒருமுறை, ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு, வீட்டு அதிகாரம் கிழவர் முதல் பாலகர் வரை எல்லோர் கைக்கும் சமமாகப் போய்ச் சேருகிறது. பண்டிகை இன்றுவரை பிழைத்திருப்பதும் இந்தப் பலனால்தான்.

முதலில் செய்முறையைப் பார்ப்போம்; சான்றுகள் அதற்குள்ளேயே இருக்கின்றன. முற்றிய தேங்காயை நார் உரித்து, மிச்சமிருக்கும் பிசிறை வாசற்படியிலோ சொரசொரப்பான சிமெண்டுத் தரையிலோ தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். இந்த வேலை மதியத்திலிருந்தே பிள்ளைகள் வசம் ஒப்படைக்கப்படுகிறது. பிசிறு இருந்தால் நெருப்பு அதில்தான் முதலில் பற்றும் என்பது வெளிப்படையான காரணம். பிள்ளைகள் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது சொல்லப்படாத காரணம். தேங்காயின் மூன்று கண்களில் இரண்டு கெட்டி, ஒன்று மெத்து. முளை வெளிவரும் வழி அந்த மெத்தான கண்தான். ஆணியாலோ திருப்புளியாலோ அதைக் குடைந்து, தண்ணீரை டம்ளரில் வடித்துக்கொண்டு, பச்சரிசி அல்லது அவல், வறுத்த பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, ஏலக்காய், பொடித்த வெல்லம் ஆகியவற்றை உள்ளே செலுத்த வேண்டும். செலுத்த வேண்டும் என்று எழுதுவது சுலபம். துவாரமோ சுண்டுவிரல் நுழையாத அளவு. நாளிதழைச் சுருட்டிச் செய்த புனல் வழியாக அரிசி சரசரவென்று இறங்கும், எள்ளும் இறங்கும், வெல்லம் மட்டும் பாதியில் நின்றுகொள்ளும். ஈர்க்குச்சியால் குத்தினால் ஈர்க்குச்சியோடு ஒட்டிக்கொண்டு மேலே வரும். அதை ஒரு பிள்ளை நக்கிவிட, வேறு ஈர்க்குச்சி தேட வேண்டியதாகும். கடைசியில் வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சில் குச்சியைத் துவாரத்தில் இறுக்கி அடித்து, காய்க்கும் குச்சிக்கும் மஞ்சள் பூசினால் ஆயத்தம் முடிந்தது. ஆடி பிறக்கச் சில நாள் முன்பே இந்தக் குச்சிகள் சேலத்துக் கடைவீதிகளில் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வந்துவிடும்.

குச்சி அடிக்கப்பட்ட அந்த நொடியை ஆய்வுலகம் கூர்ந்து நோக்க வேண்டும். அதற்கு முன்புவரை இது சாதாரண வீட்டு வேலை. இனிப்பின் அளவு முதல் எள்ளின் வறுவல் வரை எல்லாவற்றுக்கும் ஓர் அதிகாரி உண்டு. அவர் அம்மாயியாகவோ அப்பத்தாவாகவோ இருப்பார். குழம்பு கொதிக்கும்போதே கரண்டியில் துளி எடுத்து உள்ளங்கையில் விட்டு நாவில் வைத்துப் பார்த்து, "உப்புக் கம்மி" என்று தீர்ப்புச் சொல்கிறவர். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அவருடைய அதிகாரம் எங்கிருந்து வருகிறது? மூடியைத் திறக்கும் உரிமையிலிருந்து. இட்லிச் சட்டியின் மூடியைத் தூக்கி, ஈர விரலால் இட்லியைத் தொட்டுப் பார்க்கிறவர் யாரோ அவரே சமையலறையின் தலைவர். தேங்காய்க்கு மூடி இல்லை. குச்சி இறங்கியபின் உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது, தொட முடியாது, ருசி பார்க்க முடியாது, தவறிருந்தால் திருத்தவும் முடியாது. அரை நூற்றாண்டு அடுப்படி அனுபவமும் ஐந்து வயதுப் பிள்ளையின் ஊகமும் அந்தக் கருத்த ஓட்டுக்கு முன்னால் ஒரே மதிப்பெண் பெறுகின்றன. இதை மூடிய ஓட்டுக் கோட்பாடு என்று அழைக்கலாம்.

பிரஷர் குக்கரும் மூடியதுதானே என்று உடனே ஒரு தடை எழும். அதற்கும் விடை உண்டு. ஆவி வெளியேறாமல் சமைக்கும் பாத்திரத்தை 1679-ல் உருவாக்கிய தெனி பப்பேன், அது வெடித்துவிடாமலிருக்கப் பாதுகாப்பு வால்வு ஒன்றையும் சேர்த்தே யோசித்தார். 1682-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் அறிஞர்கள் அந்தப் பாத்திரத்தில் சமைத்த விருந்தை உண்டதை ஜான் ஈவ்லின் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அன்று தொடங்கிய பரம்பரைதான் இன்றைய விசில். விசிலை எண்ணலாம், எண்ண முடிந்த இடத்தில் விதி பிறக்கும், விதி பிறந்த இடத்தில் அதிகாரி பிறப்பார். "மூணு விசில் விட்டு இறக்கு" என்று பக்கத்து அறையிலிருந்தே ஆணையிடலாம். தேங்காய் விசில் அடிப்பதில்லை. சில வேளை குச்சியின் ஓரமாக உஸ் என்று ஆவி வரும்; எத்தனை உஸ்ஸுக்கு இறக்க வேண்டும் என்று யாரும் வகுத்துவைக்கவில்லை. மற்றபடி பௌதிகம் ஒன்றேதான். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் நூறு டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. வெளியே ஓடு கரியாகிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அரிசி அமைதியாக வெந்துகொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். தண்ணீர் வற்றிய பிறகு கதை வேறு. எப்போது வற்றும் என்பதுதான் வாசலில் நிற்கும் அனைவரின் விவாதப் பொருள்.

வாசத்தை வைத்துச் சொல்லலாமே என்பார்கள். உண்மையில் அம்மாயிகள் தரப்பின் வலுவான வாதம் இதுதான்: "வாசம் வந்திருச்சு, எடுங்க." ஆனால் இந்தச் சான்று குறுக்கு விசாரணையில் நிற்காது. முதலாவது, துவாரத்தின் ஓரமாகக் கசிந்த வெல்லப் பாகு நெருப்பில் பட்டவுடனேயே அதே வாசம் வரும். உள்ளே அரிசி அப்போது விறைப்பாகத்தான் இருக்கும். இரண்டாவதுதான் முக்கியமானது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் சுடுகிறது. காற்றில் வரும் வாசம் நம் வீட்டுத் தேங்காயுடையதா எதிர்வீட்டுத் தேங்காயுடையதா என்று பிரித்தறிய எந்த மூக்குக்கும் ஆற்றல் இல்லை. எதிர்வீட்டார் வெந்ததை முகர்ந்து தம் வீட்டுக் காயை வேகாமல் இறக்கிய குடும்பங்கள் இந்த வட்டாரம் எங்கும் இருக்கும் என்று உறுதியாக நம்பலாம். வெடிப்புச் சத்தம் கேட்டால் எடுக்க வேண்டும் என்ற இரண்டாவது மரபுக்கும் இதே கதிதான். ஓடு வெடிப்பது உள்ளே வெந்ததால் இருக்கலாம். ஒரு பக்கமே காட்டியதால் இருக்கலாம். அரிசியைத் திணித்து அடைத்ததில் அது உப்ப இடமில்லாததால் இருக்கலாம். கேட்டது தேங்காயே அல்லாமல் எரியும் மட்டையின் சத்தமாகவும் இருக்கலாம். எனவேதான் "இப்ப கேட்டுச்சே, அது இதுதானா?" என்ற வினா வாசலில் அடிக்கடி எழுகிறது, எழும்போதெல்லாம் குறைந்தது இரண்டு விடைகள் கிடைக்கின்றன.

அனுபவம் என்று ஒன்று இல்லையா என்பது அடுத்த தடை. பத்து வயதில் சுடத் தொடங்கிய ஒருவர் அறுபது வயதில் ஐம்பது ஆடி கண்டிருப்பார். அவரை நிபுணர் என்று ஏற்கக் கூடாதா? கூடாது. புள்ளியியல் அறிஞர் ஆர். ஏ. ஃபிஷர், கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்று ருசித்தே சொல்ல முடியும் என்ற ஒரு பெண்மணியின் கூற்றைச் சோதிக்கும் முறையை 1935-ல் வெளியான நூலில் விளக்கினார். அந்த ஒரு சின்ன விஷயத்துக்கே ஒரே அமர்வில் எட்டுக் கோப்பைகள் தேவைப்பட்டன. நம் அப்பாருக்குக் கிடைப்பதோ ஆண்டுக்கு ஓரிரு காய். அதிலும் போன வருடக் காய் பரமத்தி வேலூர்த் தோப்பில் விளைந்தது, இந்த வருடத்தது உழவர் சந்தையில் வாங்கியது. போன வருடம் தூறல், இந்த வருடம் ஆடிக்காற்று. போன வருடம் அவல், இந்த வருடம் மருமகள் சொன்னதால் பச்சரிசி. ஒன்றை நிலையாக வைத்து மற்றொன்றை மாற்றுவது என்ற சோதனையின் அடிப்படை விதி ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கடைப்பிடிக்கப்படவில்லை. அப்பாரிடம் இருப்பது ஐம்பது தனித்தனி நினைவுகள். அவற்றிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் உரிமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதே உரிமை மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கும் உண்டு, அவளுக்கு நினைவிருப்பது மூன்று ஆடிதான் என்றாலும்.

உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே, யார் சொன்னது சரியென்று? இந்தத் தடை பார்வைக்கு வலுவானது. விடை பண்டிகையின் ஒழுங்கமைப்பிலேயே இருக்கிறது. சுட்ட காயை உடைத்ததும் யாரும் வாயில் போட்டுக்கொள்வதில்லை. முதலில் பிள்ளையாருக்குப் படைக்க வேண்டும். படைத்தபின் அது பிரசாதம். பிரசாதத்தில் குறை சொல்லும் வழக்கம் இந்த வட்டாரத்தில் இல்லை. கருகிய துண்டை எடுத்துக்கொண்டவர்கூட "நல்லாத்தான் இருக்குது" என்றுதான் சொல்லியாக வேண்டும். தீர்ப்பு வழங்கப்படவிருந்த தருணத்தில் வழக்கே தெய்வத்தின் பெயருக்கு மாற்றப்பட்டுவிடுகிறது. போதாததற்கு, பண்டமும் ஒருபோதும் ஒரே பதத்தில் இருப்பதில்லை. குச்சி இருந்த முனையில் பாசிப்பருப்பு பல்லில் கடுக்கும். நெருப்பைப் பார்த்த பக்கத்தில் தேங்காய்ப் பருப்பு பொன்னிறமாகி ஓட்டிலிருந்து தானாகக் கழன்று வரும். அடியில் வெல்லம் காந்தலாகப் பிடித்திருக்கும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் எல்லாம் கூடி வந்திருக்கும். "திருப்புங்க" என்றவர், "திருப்பாதீங்க" என்றவர், "போதும்" என்றவர், "இன்னுஞ் செத்த நேரம்" என்றவர் ஆகிய நால்வருக்கும் தத்தம் கருத்தை மெய்ப்பிக்கும் துண்டு ஒரே தேங்காயில் கிடைத்துவிடும். ஒருவரும் தோற்காத விவாதம் அடுத்த ஆண்டும் நடக்கும். தோற்றவர் அடுத்த ஆண்டு வரமாட்டார் என்பது குடும்ப வாழ்வின் பழைய விதி.

பொங்கலோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். பொங்கல் பானை வாய் திறந்தது. பால் பொங்குவதை எல்லோரும் ஒரே நொடியில் பார்க்கிறார்கள், ஒரே குரலில் கூவுகிறார்கள். கண்ணால் கண்டபின் கருத்துக்கு இடமில்லை. தேங்காய் சுடுதலில் இப்படிக் கூவுவதற்கு ஒரு முழக்கம் ஏற்படவேயில்லை. எந்த நொடியில் கூவுவது என்று யாருக்கும் தெரியாது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இருக்க முடியாது.

மேல்நாட்டு மானிடவியலும் இங்கே திணறத்தான் செய்யும். 1960-களில் கிளோத் லெவி-ஸ்ட்ராஸ் சமையலை ஒரு முக்கோணமாக வரைந்தார். பாத்திரத்தில் நீரிட்டு வேகவைப்பது வீட்டாருக்கான சமையல். பாத்திரமின்றி நேரடியாக நெருப்பில் சுடுவது விருந்தினருக்கான சமையல். முன்னது பண்பாட்டின் பக்கம், பின்னது இயற்கையின் பக்கம். பிரெஞ்சு மொழியில் இது அழகாக நின்றிருக்கும். ஆடித் தேங்காயை இந்த முக்கோணத்தில் எங்கே வைப்பது? உள்ளே வேகிறது, வெளியே சுடப்படுகிறது. பாத்திரம் இருக்கிறது, ஆனால் அதுவும் மரத்தில் காய்த்தது. அதன் உட்சுவரைத் தின்கிறோம், வெளிச்சுவரை உடைத்து எறிகிறோம். உண்பவரில் வீட்டாரும் உண்டு, விருந்தினரும் உண்டு. முக்கோணத்தின் மூலைகள் அனைத்திலும் ஒரே சமயத்தில் உட்காரும் ஒரு பண்டத்தை அவர் பார்த்திருந்தால் படத்தை வட்டமாக வரைந்திருப்பாரோ என்னவோ.

புராணத் தரப்பை இத்தனை நேரம் காக்கவைத்ததற்கு மன்னிக்க வேண்டும். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, தருமம் வெல்ல வேண்டுமென்று மக்கள் தேங்காய் சுட்டு வேண்டிக்கொண்டார்கள் என்பது இங்கே வழங்கும் கதை. பதினெட்டு நாள் போரும் ஆடிப்பெருக்கும் எண்ணிக்கையில் பொருந்துவது உண்மைதான். ஆனால் கீதை உபதேசிக்கப்பட்ட நாளை நாட்டின் பிற பகுதிகளில் மார்கசீரிட மாதத்து ஏகாதசியில் கொண்டாடுகிறார்கள்; அவர்களுக்குப் போர் பனிக்காலத்தில் தொடங்கியிருக்கிறது. கால ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்தாலும், தருமம் வெல்வதற்குத் தேங்காய்க்குள் பொட்டுக்கடலை போடுவானேன் என்ற கேள்வி நிற்கிறது. கதை நாளைத்தான் விளக்குகிறது, முறையை விளக்கவில்லை. தென்னை மிகுந்த தஞ்சையும் பொள்ளாச்சியும் இருக்க, இந்த வட்டாரம் இதை இத்தனை ஊக்கத்தோடு பற்றிக்கொண்டது ஏன் என்பதையும் அது விளக்கவில்லை.

அதற்கு ஒரு விடையை இங்கே முன்வைக்கலாம். இது பார்க்க முடியாத உள்ளறைகளை நம்பிப் பிழைக்கும் பூமி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. துளைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வண்டியைச் சுற்றி நிற்கும் அத்தனை பேருக்கும் கருத்து உண்டு. எந்த இடத்தில் தோண்டுவது என்று நீரோட்டம் பார்ப்பவரும் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது ஒரு தேங்காயைத்தான்; காய் நிமிர்ந்தால் நீர் உண்டு என்பது நம்பிக்கை. ஆடி முதல் நாள் பயிற்சி வீண்போகவில்லை என்றே கொள்ள வேண்டும். நாமக்கல்லில் கோழி முட்டை என்ற இன்னொரு மூடிய ஓடு இருக்கிறதே என்று கேட்கலாம். முட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் உள்ளிருப்பது தெரியும். அதற்கு ஒருங்கிணைப்புக் குழுவும் விலை நிர்ணயமும் ஏற்பட்டுவிட்டன. ஒளி புகும் ஓட்டுக்குச் சந்தை வாய்த்தது, ஒளி புகாத ஓட்டுக்குப் பண்டிகை வாய்த்தது. சேலத்து ஜவ்வரிசி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. தட்டுவடை செட் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. தின்பண்டம் எதையும் வியாபாரமாக்கத் தெரிந்த இந்த ஊர் சுட்ட தேங்காயை வருடம் முழுக்க விற்கும் கடையாக்க முனையாததும் இக்கோட்பாட்டுக்கு ஆதரவானதே. தேங்காய், பிலிக்கல்பாளையத்து வெல்லம், பாசிப்பருப்பு எல்லாம் எந்த மாதமும் கிடைக்கும். ருசிதான் நோக்கம் என்றால் ஐப்பசியில் ஒருநாள் ஆசைப்பட்டு யாராவது சுட்டிருக்க வேண்டும். தனியாக நின்று சுட்டால் கருத்துச் சொல்ல ஆள் இருக்காது என்பதால் யாரும் சுடுவதில்லை.

அடுக்குமாடி வீடுகளில் சிலர் கேஸ் அடுப்பின் மேல் காயைப் பிடித்துச் சுடத் தொடங்கியிருப்பதை எதிர்ச்சான்றாகக் காட்டுவார்கள். அது எமது கட்சிக்கே பயன்படும். காற்றில்லை, தழல் ஏறி இறங்குவதில்லை; நெருப்பைத் திருகால் கூட்டிக் குறைக்கலாம்; கடிகாரம் சுவரில் தொங்குகிறது. சமையல் மேடையின் முன் ஒருவர் நிற்கத்தான் இடம் இருக்கிறது. இரண்டே ஆண்டில் "இருபது நிமிஷம், சிம்மில்" என்று ஒரு விதி பிறந்துவிடும். தேங்காயும் நன்றாகவே வரும். மற்றவர்கள் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, இக்கோட்பாட்டுக்கு மிகக் கடினமான சோதனை தலை ஆடி. புதிதாக மணமானவர்களைப் பெண் வீட்டார் ஆடிக்கு அழைத்து, மாப்பிள்ளை கையில் குச்சியைக் கொடுக்கிறார்கள். இங்கே மரியாதை குறுக்கே வருகிறது. மாப்பிள்ளைக்கு யாரும் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் சீர்வரிசைக்கே பங்கம் வந்துவிடும். அப்படியானால் ஓர் அரை மணி நேரம் ஒருவர் மட்டும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டு நிற்கிறார். அதிகாரப் பரவல் பொய்த்துப்போகிறது. ஆனால் வாசலில் நடப்பது வேறு. மாமனார் மாப்பிள்ளையின் பக்கம் திரும்புவதே இல்லை. பக்கத்தில் நிற்கும் பேரனைப் பார்த்து, "ஏங் கண்ணு, அந்தப் பக்கம் வேகலையாட்ட இருக்குதில்ல?" என்பார். பேரன், "ஆமாங்க தாத்தா, இந்தப் பக்கம் கருகுது" என்பான். மாமியார் தேங்காயைப் பார்த்து, "காத்து இப்படி அடிக்குதே" என்று காற்றைக் குறை சொல்வார். மச்சினன் மட்டும் முறைமை கருதி நேராகவே, "என்ன மச்சான், தூங்கிட்டீங்களா?" என்பான். மாப்பிள்ளை குச்சியை மெல்லத் திருப்புவார், யாரும் தன்னிடம் எதுவும் சொல்லவில்லை என்ற நிம்மதியோடு.